பற்றரி மாற்றக்கூடிய, பாரமில்லாத, கீழ விழுந்தாலும் தாங்கிற வேப்: எதை எடுக்கலாம்?

நைட்ஷிப்ட்_குரொய்டன்

எல்லாருக்கும் வணக்கம். நான் குரொய்டன் பக்கம் ஒரு வெயார்ஹவுசில இரவு வேலை. 22 வருசம் சிகரட் பத்தினனான். போன வருசம் மாசியில விட்டனான். வேப்புக்கு (பற்றரியால திரவத்தைச் சூடாக்கி ஆவியை இழுக்கிற மின் சிகரட்) மாறினாப் பிறகு ஒண்டு கூடத் தொடேல்லை. மனிசிக்குக் குடுத்த வாக்கு அது. அதால இந்தக் கேள்வி எனக்குச் சின்ன விசயமில்லை. விடிய மூண்டு மணிக்குக் கையில இருக்கிறது செத்துப் போனால், வேலை முடிஞ்சு போற வழியில பெற்றோல் செற்றில ஒரு பெட்டி சிகரட் வாங்கிப் போடுவனோ எண்டு எனக்கே பயமா இருக்கு.

முதல் பாவிச்சு எறியிற சாமான்தான் வச்சிருந்தன். 2025 ஜூன் 1இல இருந்து அதை விக்கக் கூடாது எண்டு வந்தாப் பிறகு, கடைக்காரத் தம்பி, சார்ஜ் ஏத்திப் பாவிக்கிற பொட் எண்ட சின்ன வேப் ஒண்டு எடுத்துத் தந்தவர். அஞ்சு மாசம் போக, காலமை நிரப்பினால் பாதி ஷிப்டுக்கும் காணாது. இரண்டாவதா வாங்கினது பற்றரி நல்லாத்தான் இருந்தது, சார்ஜ் ஏத்திற ஓட்டை ஆடத் தொடங்கி நிண்டு போச்சு. இரண்டுக்கும் கொயில் (திரவத்தைச் சூடாக்கிற கம்பிச் சுருள்) சரி, பொட் (திரவக் குடுவை) சரி, உள்ளுக்க பசை போட்டு ஒட்டின பற்றரியை மட்டும் எடுக்க ஏலாது. முழுசா எறியத்தான் வேணும்.

கேக்கிறது இவ்வளவும்தான்:

பற்றரியை நானே கழற்றி மாத்தோணும். கொங்கிறீற் நிலத்தில இடுப்பு உயரத்தில இருந்து விழும், அதைத் தாங்கோணும். கூட வேலை செய்யிறவர் ஒருத்தர் இரண்டு பற்றரி போடுற பெட்டி வச்சிருக்கிறார், பொக்கற்றைக் கீழ இழுக்குது, அது வேண்டாம். எனக்குப் பெரிய புகையும் தேவையில்லை, சிகரட் மாதிரி இறுக்கமா இழுக்கோணும். 20 மில்லிகிராம் நிக்கொட்டின் திரவம் பாவிக்கிறன். 60 பவுண்ட்ஸ் வரைக்கும் போடலாம்.

ஆராவது கனகாலம் பாவிச்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பழைய_வயர்மேன்

தம்பி, ஒரு வருசம் ஒண்டும் தொடாமல் இருந்ததுக்கு முதல்ல என்ர சந்தோசம். நான் 31 வருசம் பத்தி, 2016இல விட்டனான். தொழில் எலெக்ட்ரீசியன். அதால கொஞ்சம் நீளமாத்தான் எழுதப் போறன், பொறுங்கோ.

சாமானைத் தேடாதேங்கோ. முதல்ல பற்றரியைத் தெரிவு செய்யுங்கோ, அதுக்குப் பொருந்திற சாமானைப் பிறகு பாக்கலாம்.

உங்கட பொட் ஏன் அஞ்சு மாசத்தில களைச்சது எண்டு பாருங்கோ. அந்தச் சின்னச் சாமானுக்குள்ள இருக்கிறது 500, 600, கூடினால் 1000 எம்ஏஎச் (மில்லி அம்பியர் மணி, பற்றரியின்ர கொள்ளளவு). 12 வாட்டில மூண்டு செக்கன் இழுவை எண்டு வச்சால், 600 எம்ஏஎச் இருநூறு சொச்சம் இழுவைதான் தரும். நீங்கள் இரவு முழுக்க முழிச்சிருக்கிற ஆள், நாளுக்கு இரண்டு தரம் நிரப்பியிருப்பீங்கள். லித்தியம் பற்றரியை முழுசா வடிச்சு முழுசா நிரப்பிறதைச் சில நூறு தரம்தான் செய்யலாம், பிறகு அதின்ர கொள்ளளவு இறங்கத் தொடங்கும். நாளுக்கு இரண்டு தரம் எண்டால் அஞ்சு மாசத்தில முந்நூறு தரம் முடிஞ்சுது. சாமானில பிழை தேடத் தேவையில்லை, கணக்கு அப்பிடி.

இப்ப 18650 எண்ட பற்றரியைப் பாருங்கோ. பேரே அளவுதான்: 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், உருளை. நிறை 45 கிராம் அளவு, சிலது 48 வரை. சாம்சங் 30கியூ எண்டது 3000 எம்ஏஎச். அதே 12 வாட்டில, சேர்க்கிட்டில போற நட்டத்தையும் கழிச்சால், எண்ணூறு தொள்ளாயிரம் இழுவை வரும். உங்களுக்கு இரண்டு மூண்டு நாளுக்கு ஒருக்கா நிரப்பினால் காணும். வருசத்துக்கு 150 தரம். அதோட இரண்டு பற்றரி வாங்கி மாத்தி மாத்திப் போட்டால் ஒவ்வொண்டுக்கும் 75 தரம்தான். களைச்சாலும் ஒரு பற்றரி ஆறேழு பவுண்ட்ஸ், சாமான் அப்பிடியே இருக்கும்.

இதைவிடப் பெரிசு 21700. 4000 எம்ஏஎச்சுக்கு மேல வரும், ஆனால் பற்றரி மட்டும் 70 கிராம். பாரம் வேண்டாம் எண்ட ஆளுக்கு 18650 ஒண்டு போடுறதுதான் அளவு.

ஒரு இடத்தில கனபேர் பிழை விடுகினம். எம்ஏஎச்சை மட்டும் பார்த்து வாங்குகினம். பற்றரி எவ்வளவு அம்பியர் தாங்கும் எண்டதும் வேணும். 12 வாட் எண்டால், பற்றரி இறங்கி 3.2 வோல்ட்டில நிக்கேக்க நாலு அம்பியர் சொச்சம் இழுக்கும். 30கியூ 15 அம்பியர் தாங்கும், சோனி விரிசி6உம் 15தான், சாம்சங் 25ஆர் 2500 எம்ஏஎச், 20 அம்பியர். உங்கட பாவனைக்கு மூண்டும் காணும். ஆனால் ஆரும் ஒருத்தர் உங்களுக்கு 60 வாட்டில பெரிய புகை காட்டி ஆசைப்படுத்தினால், அதே கணக்கில அது 20 அம்பியருக்கு மேல போகும். 30கியூவைப் போட்டு அந்த வேலை செய்யக் கூடாது.

உள்ளுக்க சேர்க்கிட் இல்லாத மெக்கானிக்கல் எண்டொரு வகை இருக்கு. பொத்தானை அமத்தினால் பற்றரி நேராக் கொயிலுக்குப் போகும், ஷோர்ட் ஆனாலும் நிப்பாட்ட ஒண்டுமில்லை. பாரம் குறைவு, உடையவும் மாட்டுது எண்டு விப்பாங்கள். அதைத் தொடாதேங்கோ.

கோவை_டு_ரெடிங்

வயர்மேன் அண்ணா சொல்ற கணக்கு சரிதான், ஆனா வெயிட் விஷயத்துல எனக்கு வேற கருத்து. பேட்டரியே 45 கிராம்னா, பாடி, டேங்க் எல்லாம் சேர்த்து 150 தாண்டிரும். நான் வெச்சிருக்கிற பாட் மொத்தமே ஒரு ஸ்ட்ரிப் மாத்திரை மாதிரிதான் இருக்கு, சட்டைப் பையில இருக்கிறதே தெரியாது. நான் ரயில்ல வேலைக்குப் போயிட்டு வர்ற ஆளு, டெஸ்க்ல யூஎஸ்பி இருக்கு. எட்டு மாசத்துக்கு ஒரு தடவை புதுசு வாங்கினாலும் பதினஞ்சு இருபது பவுண்டுதான்.

அண்ணே, உங்களுக்கு நடுராத்திரி செத்துப் போயிருமோங்கிற பயம்தானே பெரிசு? ஒரே மாதிரி ரெண்டு பாட் வாங்கி ஒண்ணை லாக்கர்ல போட்டு வெச்சா முடிஞ்சது. ரெண்டும் சேர்ந்தாலும் 18650 செட்டை விட லேசு.

பழைய_வயர்மேன்

தம்பி, நீங்கள் சொல்ற இரண்டாவது யோசனை நல்லது. எதை வாங்கினாலும் லொக்கரில இன்னொண்டு இருக்கோணும், அதில எனக்கும் ஒரே கருத்துத்தான். திரும்பச் சிகரட்டுக்குப் போன ஆக்கள் எனக்குத் தெரிய மூண்டு பேர். மூண்டு பேரும் வேப் நிண்டு போன ஒரு இரவிலதான் போனவை.

ஆனால் எறியிற கணக்கை விட ஏலாது. தடை வர முதல், 2023இல, இந்த நாட்டில மட்டும் கிழமைக்கு ஐம்பது லட்சம் அளவில எறியிற வேப் குப்பைக்குப் போனது எண்டு மெற்றீரியல் ஃபோக்கஸ் எண்ட அமைப்பு கணக்குச் சொன்னது. ஒவ்வொண்டுக்குள்ளயும் ஒரு லித்தியம் பற்றரி. குப்பை லொறியில அமுக்கேக்க நெருப்புப் பிடிக்கிறது அதாலதான். இப்ப சட்டம் என்ன கேக்குது? திரும்ப நிரப்பக்கூடிய பற்றரி இருக்கோணும், திரவமோ பொட்டோ மாத்தக்கூடியதா இருக்கோணும், கொயில் மாத்தக்கூடியதா இருக்கோணும். பற்றரியையே வெளியில எடுக்கோணும் எண்டு கேக்கேல்லை. அதால ஒட்டின பற்றரிக்கு ஒரு சார்ஜ் ஓட்டையை வச்சு, அதே சாமானை விக்கினம்.

லாசப்பல்_அண்ணன்

பாரிசில இருந்து எழுதுறன். இங்க 2025 பெப்ரவரியில இருந்து எறியிற வேப் தடை. பெல்ஜியம் அதுக்கு முதலே, 2025 ஜனவரி 1. வயர்மேன் அண்ணை கேட்ட சட்டம் இந்தப் பக்கம் வருது: ஐரோப்பிய ஒன்றியத்தின்ர 2023 பற்றரிச் சட்டப்படி 2027 பெப்ரவரி 18இல இருந்து, கையில கொண்டு திரியிற சாமான்களில பாவனையாளரே பற்றரியைக் கழற்றி மாத்தக்கூடியதா இருக்கோணும். விதிவிலக்குகளும் உண்டு. எண்டாலும் நல்ல திசை.

நான் எழுத வந்தது கள்ளப் பற்றரியைப் பற்றி. நானே ஏமாந்தனான்.

போன கோடையில ஒன்லைனில நாலு பற்றரி மலிவா வாங்கினன். மேல 9900 எம்ஏஎச் எண்டு பெரிய எழுத்தில போட்டிருந்தது. அப்ப எனக்கு விளங்கேல்லை. கையில எடுக்கேக்க ஏதோ வெறுமையா இருந்தது, சொல்லத் தெரியேல்லை. குசினியில மனிசி மாவு நிறுக்கிற தராசில வச்சன்: 29 கிராம். பழைய சோனியை வச்சன்: 46. 18650 அளவில, கடையில வழமையாக் கிடைக்கிறது 3500, 3600 எம்ஏஎச் வரைக்கும்தான், அண்மையில வந்த ஒண்டிரண்டு 4000 அளவில இருக்கு. அதுவும் கூட அம்பியர் தாங்காத வகை. 9900 எண்டு ஒண்டு உலகத்தில இல்லை. உள்ளுக்க சின்னப் பற்றரியை வச்சுச் சுத்தி விக்கிறாங்கள், பழைய மடிக்கணினியில இருந்து கழற்றினதுக்குப் புதுப் பிளாஸ்ரிக் சட்டை போட்டும் விக்கிறாங்கள்.

அதால தம்பி, மூண்டு விசயம் செய்யுங்கோ. பற்றரியை வேப் கடையிலயோ, பற்றரி மட்டுமே விக்கிற கடையிலயோ வாங்குங்கோ. வந்த உடன தராசில வையுங்கோ, அந்தப் பற்றரிக்குச் சொல்லியிருக்கிற நிறையைவிட நல்லாக் குறைவா நிண்டால் திருப்பி அனுப்புங்கோ. பிறகு மேல் நுனியை வடிவாப் பாருங்கோ: நேர்முனையைச் சுத்தி ஒரு சின்ன வெள்ளை வளையம் இருக்கோணும், சட்டை அதின்ர விளிம்பை மூடி மடிஞ்சு இருக்கோணும்.

அந்தச் சட்டை ஏன் முக்கியம் எண்டால், பற்றரியின்ர பக்கம் முழுக்க எதிர்முனைதான். அடிப்பக்கம் மட்டும் எண்டு கனபேர் நினைக்கினம். நேர்முனைக்கும் அந்தப் பக்கத் தகரத்துக்கும் இடையில இருக்கிறது அந்த மெல்லிய பிளாஸ்ரிக் சட்டையும் வெள்ளை வளையமும்தான். மேல் விளிம்பில ஒரு கீறல் விழுந்தாலே பாவிக்கக் கூடாது. புதுச் சட்டை சில்லறைக் காசு, மனிசியின்ர தலைமயிர் காய வைக்கிற மெசினால சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும்.

பழைய_வயர்மேன்

லாசப்பல் அண்ணன் சொன்னதுக்கு ஒண்டைக் கூட்டுறன். இது என்ர கண்ணால கண்டது.

என்னோட வேலை செய்த பெடியன் ஒருத்தன் உபரிப் பற்றரியைச் சும்மா ஜக்கெட் பொக்கற்றில போட்டிருந்தான். அதே பொக்கற்றில வான் திறப்புக் கோர்வை. நாங்கள் ஏணிக்குக் கீழ நிண்டு வயர் எண்ணிக்கொண்டிருந்தம். முதல்ல ஒரு சீறல் சத்தம், காஸ் கசியிற மாதிரி. பிறகு புகை. அவன் ஜக்கெட்டைக் கழற்றி எறிய முதல் தொடையில பிடிச்சிட்டுது. இன்னும் அந்த இடத்தில தோல் மினுமினுப்பா இருக்கு. திறப்பு ஒண்டு நேர்முனையையும், சட்டை கிழிஞ்ச பக்கத்தையும் சேர்த்துப் பிடிச்சதாலதான் நடந்தது.

பற்றரி போடுற பிளாஸ்ரிக் பெட்டி ஒரு பவுண்ட். அது இல்லாமல் உபரிப் பற்றரியைக் கையில எடுக்காதேங்கோ. அந்தப் பெட்டி வாங்க மறந்தால் பற்றரியையும் வீட்டிலயே வச்சிட்டுப் போங்கோ.

மருந்துக்கடை_மதி

அண்ணா, நான் ஒரு பார்மசியில வேலை செய்யிறன். சாமானைப் பற்றி இவையளுக்கு என்னைவிடத் தெரியும். நான் வேற பக்கத்தால கதைக்கிறன்.

நீங்கள் சிகரட்டை விட்டது பெரிய விசயம், அதைக் காப்பாத்துறதுதான் முதல். என்எச்எஸ் (இங்கத்தைய அரச சுகாதார சேவை) சொல்றதும் அதுதான்: சிகரட்டோட பாக்கேக்க வேப்பில தீமை குறைவு, ஆனால் தீமையே இல்லை எண்டில்லை, பத்தாத ஆக்கள் தொடக் கூடாது. எரியிறது இல்லை எண்டபடியால் தாரும் காபன் மொனொக்சைட்டும் வராது. நிக்கொட்டின் வரும், அடிமைத்தனம் இருக்கும்.

நீங்கள் இறுக்கமா இழுக்கிற, வாட் குறைஞ்ச சாமானைக் கேட்டது எனக்குச் சந்தோசம். பெரிய புகை விடுற சாமானில 20 மில்லிகிராம் போட்டால் தலை சுத்தும், நெஞ்சு பிசையும். அதோட கடையில பத்தாயிரம் இருபதாயிரம் பஃப் (இழுவை) எண்டு பெரிய தொட்டியோட விக்கிறதைப் பார்த்தால் கவனம். இங்க சட்டப்படி தொட்டி 2 மில்லிலீற்றருக்கு மேல இருக்கக் கூடாது, நிக்கொட்டின் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல கூடாது, நிக்கொட்டின் போத்தில் 10 மில்லிலீற்றர்.

அவசரமில்லை, ஆனால் யோசிச்சு வையுங்கோ: இரவு வேலைக்குப் பழகி, சாமான் பழகி, மூண்டு நாலு மாசம் நிம்மதியா இருந்தாப் பிறகு 20ஐ 10 ஆக்கிப் பாருங்கோ. திரும்பச் சிகரட் ஞாபகம் வந்தால் உடன 20க்கு ஏறுங்கோ, அதில தோல்வி எண்டு ஒண்டுமில்லை. உங்கட கவுன்சிலில புகை நிப்பாட்டுற சேவை இருக்கும், காசு இல்லை. சிகரட்டை விட உதவுற வரெனிக்ளின் மாத்திரையும் 2024 கடைசியில இருந்து திரும்ப என்எச்எஸ்சில குடுக்கினம். வேப்பையும் ஒரு நாள் விட நினைச்சால் அவையளோட கதையுங்கோ.

வீட்டில சின்னப் பிள்ளையள் இருந்தால் திரவப் போத்திலைப் பால் புட்டி வைக்கிற தட்டில வைக்காதேங்கோ. மூடி பிள்ளைக்குத் திறக்க ஏலாத மாதிரி இருந்தாலும், பெரியாக்கள் சரியா இறுக்காமல் விடுகினம். கையில ஊத்துப்பட்டால் கழுவுங்கோ, தோலாலயும் உள்ள போகும்.

ஈஸ்ட்ஹாம்_பெடியன்

நான் சிகரட் பத்திறேல்லை, யூனியில கூட்டாளிமார் எல்லாம் வேப் அடிக்கிறாங்கள். நிக்கொட்டின் இல்லாததோட தொடங்கினால் பிரச்சினை இல்லைத்தானே? இதில சொல்ற 18650 நல்லா இருக்கும் போல.

மருந்துக்கடை_மதி

தம்பி, வேண்டாம். சிகரட் பத்தின ஆளுக்கு இது இறங்கிற படி. உங்களுக்கு அது ஏறுற படி. நிக்கொட்டின் இல்லாமல் தொடங்கிக் கொஞ்ச நாளில கூட்டாளியின்ர 20 மில்லிகிராமை வாங்கி இழுத்துப் பார்த்திட்டு, இப்ப நிக்கொட்டின் பட்ச் வாங்க வாற பிள்ளையளை நான் கவுண்டரில காணுறன். உங்கட அக்கா மாதிரிச் சொல்றன், தொடாதேங்கோ.

பழைய_வயர்மேன்

மதி சொல்றதுதான். 31 வருசம் நிக்கொட்டின் என்னை வச்சிருந்தது. தொடங்காத ஆள் தொடங்கக் கூடாது.

நைட்ஷிப்ட்_குரொய்டன்

எல்லாருக்கும் நன்றி. மனிசிக்கும் வாசிச்சுக் காட்டினன். மதி, போத்திலை அலுமாரிக்கு மேல ஏத்தியாச்சு, எங்கட சின்னவளுக்கு மூண்டு வயசு.

18650 ஒண்டு எண்டு முடிவு. இப்ப பெட்டியையும் (பற்றரி போடுற உடம்பு) தொட்டியையும் (திரவம் ஊத்திறது) சொல்லுங்கோ. கடையில கேட்டால், ரப்பர் சட்டை போட்ட, தண்ணிக்கும் தாங்கிற ஒண்டைக் காட்டினவர், 100 வாட் எண்டார். கையில பிடிக்க நல்ல உறுதி, ஆனால் பாரம் கொஞ்சம் கூடின மாதிரி.

பழைய_வயர்மேன்

அவர் காட்டினது ஏஜிஸ் சோலோ வகையா இருக்கும். விழுகிறதுக்கு அது நல்ல சாமான், கட்டட வேலைக்காரர் கனபேர் அதைத்தான் வச்சிருக்கினம். ஓரமெல்லாம் ரப்பர், மூடிக்கும் ரப்பர் வளையம், தூசியும் போகாது. 100 வாட் உங்களுக்குத் தேவையில்லை, ஆனால் 12இல வச்சுப் பாவிக்கலாம், கெடுதி ஒண்டுமில்லை. அந்தக் கவசத்துக்கு நீங்கள் குடுக்கிற விலைதான் பாரம். வெளியில மழையில நிண்டு வேலை செய்தால் அதைத்தான் எடுக்கச் சொல்லுவன். நீங்கள் கூரைக்குக் கீழ நிக்கிற ஆள்.

நான் 2017இல இருந்து வச்சிருக்கிறது ஐஸ்டிக் பிக்கோ. 18650 ஒண்டு, கைக்குள்ள முழுசா அடங்கும். பற்றரி மூடி மேல், திருகிப் பூட்டிறது. இதிலதான் நீங்கள் வடிவா யோசிக்கோணும், ஏனெண்டால் பற்றரி மாத்திற சாமானில முதல் பழுதாப் போறது மூடிதான்.

காந்தத்தில ஒட்டிற பக்க மூடி இருக்கு. வேகமாத் திறக்கலாம், ஆனால் விழுந்தால் மூடி ஒரு பக்கம், பற்றரி ஒரு பக்கம், சாமான் ஒரு பக்கம். பற்றரி உருண்டு போய் அடியில நசுங்கும். கொஞ்சக் காலத்தில மூடி ஆடத் தொடங்கும். திருகிற மூடி விழுந்தாலும் கழராது. குறை என்னெண்டால் புரி. அவசரத்தில கோணலா ஏத்தினால் புரி தேய்ஞ்சு போகும். முதல்ல எதிர்ப்பக்கமாக் கால் சுத்துத் திருப்புங்கோ, டிக் எண்டு ஒரு இறங்கல் கைக்குத் தெரியும், அங்க இருந்து பூட்டுங்கோ. எட்டு ஒன்பது வருசம் அப்பிடித்தான் செய்யிறன், புரி புதுசு மாதிரி இருக்கு.

பிக்கோவில இன்னொரு கட்டுப்பாடு: அந்த மூடி தொட்டிக்குப் பக்கத்திலயே நிக்கிறபடியால் 22, 23 மில்லிமீற்றருக்கு மேல அகலமான தொட்டி ஏறாது. உங்கட தேவைக்கு அது தடையில்லை.

எதை எடுத்தாலும் கடையிலயே பற்றரியைப் போட்டு, மூடிப் பூட்டி, காதுக்குக் கிட்ட வச்சு ஆட்டிப் பாருங்கோ. உள்ளுக்க கடகட எண்டால் வேண்டாம். பற்றரி ஆடினால் நடக்கேக்க தொடுப்பு விட்டு விட்டுப் போகும், திரை அணைஞ்சு அணைஞ்சு பத்தும், ஒவ்வொரு ஆட்டத்திலயும் சட்டை தேயும். தொடுப்பு முனை ஸ்பிரிங்கில இருக்கோ எண்டு விரலால அமத்திப் பாருங்கோ.

யூஎஸ்பி ஓட்டை ஆடிப் போனது எண்டு சொன்னீங்கள். அதுக்கு மருந்து, அந்த ஓட்டையைப் பாவிக்காமலே விடுறது. எக்ஸ்டாரோ நைட்கோரோ, வெளியில வச்சு நிரப்பிற சார்ஜர் ஒண்டு எடுங்கோ. ஒரு அம்பியருக்கு மேல போகாமல், முழிச்சிருக்கேக்க நிரப்புங்கோ. நீங்கள் பகல் நித்திரை கொள்ற ஆள், நித்திரைக்குப் போக முதல் போடாதேங்கோ, எழும்பிச் சாப்பிடேக்க போடுங்கோ.

தொட்டிக்கு ஆஸ்பயர் நாட்டிலஸ் 2. கண்ணாடியைச் சுத்தி உலோகக் கூடு இருக்கு, கொங்கிறீற்றில விழுந்தால் முதல் போறது கண்ணாடி எண்டபடியால் அது முக்கியம். நாட்டிலஸ் கொயில் பத்து வருசத்துக்கு மேலாக் கடையில கிடைக்குது. இதையும் நிலைச்சு நிக்கிறதில ஒரு பங்கா எண்ணுங்கோ: பெட்டி இருந்து என்ன, அடுத்த வருசம் கொயில் நிண்டு போனால் எறியத்தானே வேணும். 1.8 ஓம் கொயில், 10 தொடக்கம் 12 வாட். புதுக் கொயிலில நாலைஞ்சு துளி விட்டு, தொட்டியை நிரப்பிப் பத்து நிமிசம் வையுங்கோ. பஞ்சு நனைய முதல் அமத்தினால் கருகின மணம் கடைசி வரை போகாது. திரவம் 50க்கு 50 (புரொப்பிலீன் கிளைகோலும் வெஜிற்றபிள் கிளிசரினும் சரிபாதி) வாங்குங்கோ, தடிச்சது இந்தச் சின்ன ஓட்டையால வராது.

கோவை_டு_ரெடிங்

அண்ணா, நான் தோத்துட்டேன்னு எடுத்துக்கலாம், இந்த வாரம் நானும் ஒரு 18650 தேடப் போறேன். ஒரு விஷயம் மட்டும் எல்லாரும் தெரிஞ்சுக்கணும், ஊருக்குப் போறவங்க கவனிங்க.

இந்தியாவுல 2019 சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாமே தடை. முதல் தடவை மாட்டினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். "சொந்த உபயோகத்துக்குத்தான்"னு நெனச்சு மீனம்பாக்கத்துல இறங்காதீங்க. சிங்கப்பூர் வழியா போறவங்களுக்கு இன்னும் கண்டிப்பு: அங்க 2018லருந்து கையில வெச்சிருக்கிறதே குற்றம். நான் ஊருக்குப் போனப்ப நிக்கோட்டின் கம் எடுத்துட்டுப் போனேன், மூணு வாரம் சமாளிச்சேன். முதல் நாலு நாள் கஷ்டம், அப்புறம் பழகிடுச்சு.

அனுமதி இருக்கிற நாட்டுக்குப் பறந்தாலும் வேப்பும் உபரி பேட்டரியும் கைப்பையிலதான் இருக்கணும், செக்-இன் பெட்டியில போடக் கூடாது.

லாசப்பல்_அண்ணன்

காசுக் கணக்குப் பார்க்கிற ஆக்களுக்கு இன்னொண்டு. இங்கிலாந்தில 2026 அக்டோபர் 1இல இருந்து வேப் திரவத்துக்கு 10 மில்லிலீற்றருக்கு 2.20 பவுண்ட்ஸ் வரி வருது, நிக்கொட்டின் இல்லாததுக்கும்தான். திரவம் குறையக் குடிக்கிற சாமான் எடுக்கிறது அதுக்கும் நல்லது. 12 வாட்டில நாட்டிலஸ் நாளுக்கு 2, 3 மில்லிலீற்றர்தான் எனக்குப் போகுது.

நைட்ஷிப்ட்_குரொய்டன்

ஆறு கிழமைக்குப் பிறகு எழுதுறன். பிந்தினதுக்கு மன்னியுங்கோ.

திருகிற மூடி போட்ட பெட்டி ஒண்டு, நாட்டிலஸ் 2, 30கியூ இரண்டு, வெளிச் சார்ஜர், பிளாஸ்ரிக் பெட்டி. எல்லாமாச் சேர்த்து 71 பவுண்ட்ஸ். நினைச்சதைவிடப் 11 கூட. பற்றரியைக் குசினித் தராசில வச்சன்: ஒண்டு 46, மற்றது 47. பெட்டி, பற்றரி, தொட்டி எல்லாம் சேர்த்து 200 கிராமுக்குக் கொஞ்சம் கீழ நிண்டது. முதல் கிழமை பொக்கற்றில தெரிஞ்சது, ரெடிங் தம்பி சொன்னது சரிதான். பிறகு ஜக்கெட்டின்ர நெஞ்சுப் பொக்கற்றுக்கு மாத்தினன், இப்ப ஞாபகமே வாறதில்லை.

இரண்டு பற்றரிக்கும் பேனையால 1, 2 எண்டு எழுதி, வாங்கின திகதியும் போட்டு வச்சிருக்கிறன். ஒண்டு மூண்டு இரவுக்குக் கிட்டப் போகுது. போன வியாழன் விடியக்காலை மூண்டரைக்குப் பற்றரிக் குறி சிவப்புக்கு வந்தது. ரக்கில நிண்டபடியே மூடியைத் திருகி, இரண்டாம் நம்பரைப் போட்டுப் பூட்டினன். ஒரு நிமிசமும் இல்லை. முந்தி அந்த நேரம் எனக்கு நெஞ்சு படபடக்கும், இந்த முறை ஒண்டுமில்லை. வீட்ட போய் மனிசிக்குச் சொல்லேக்க அவ அழுதிட்டா.

அதுக்கு முதல் கிழமை ஒரு விழுகை விழுந்திட்டுது, பலற்றுக்கு மேல இருந்து கொங்கிறீற்றில, மூடிப் பக்கம் அடிச்சது. கண்ணாடி தப்பீட்டுது, மூடியின்ர ஓரத்தில பெயின்ட் போச்சு. வேலை செய்யுது. ஆனால் முதலாம் நம்பர் பற்றரியை எடுத்துப் பாக்க, மேல் விளிம்பில சட்டை நகக்கண் அளவு கிழிஞ்சிருக்கு, உள்ளுக்க தகரம் தெரியுது. வெள்ளை வளையம் சரி. நசுங்கல் ஒண்டும் கைக்குத் தட்டுப்படேல்லை. அதை ஒதுக்கிப் பெட்டிக்குள்ள வச்சிட்டன். சட்டை மாத்தினால் காணுமோ, இல்லை எறியிறதோ?

பழைய_வயர்மேன்

ஒதுக்கி வச்சது நல்ல வேலை. மேசையில படுக்க வச்சு மெல்ல உருட்டிப் பாருங்கோ, தட்டித் தட்டி உருண்டால் தகரம் வளைஞ்சிருக்கு. அடிப்பக்கத்தையும், நேர்முனைக்குக் கீழ இருக்கிற அந்தப் பள்ளக் கோட்டையும் வெளிச்சத்தில பாருங்கோ. வடிவா உருண்டு, பள்ளம் ஒண்டும் இல்லையெண்டால் சட்டை மாத்தினால் காணும். பழைய சட்டையை நகத்தால மட்டும் உரியுங்கோ, கத்தி வைக்காதேங்கோ. வெள்ளை வளையம் கழண்டு வந்தால் புதுசு போட்டிட்டுத்தான் மூடுங்கோ.

எங்கயும் சின்னப் பள்ளம் கண்டாலும் யோசிக்காதேங்கோ, எறியிறதுதான். இரண்டு முனையிலயும் ரேப் ஒட்டி, பற்றரி வாங்குற பெட்டி இருக்கிற சுப்பர்மார்க்கற்றில குடுங்கோ. வீட்டுக் குப்பையில போடாதேங்கோ.

உங்கட மனிசிக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ. சட்டை என்னட்ட நிறையக் கிடக்கு. விலாசத்தைத் தனிமடலில போட்டால் நாலைஞ்சு கடித உறையில வச்சு அனுப்பிறன்.